நயன்தாரா கல்யாணப் புடவை மாதிரி வீட்லயே தைக்க முடியுமா?

2022 ஜூன் 9 அன்னைக்கு மகாபலிபுரத்துல நடந்த கல்யாணத்துல நயன்தாரா கட்டியிருந்த அந்த குங்குமச் சிவப்பு புடவை, ஃபுல் ஸ்லீவ் பிளவுஸ், அதே மாதிரி உங்க ரிசப்ஷனுக்கு வீட்லயே பண்ணிக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. கையில 5 மாசம் இருக்கு, சாதா பிளவுஸ் தைக்க வரும், ஆரி (கொக்கி ஊசியால போடற எம்பிராய்டரி) கிளாஸ் 3 மாசம் போயிருக்கேன், வேலைக்கும் போய்ட்டு இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க. கடைசியா ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, "பார்க்கிறவங்க சீப்பான காப்பின்னு நினைச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு"ன்னு, எனக்கு அந்த வரியிலதான் உங்க உண்மையான கேள்வி இருக்கிற மாதிரி தோணுச்சு. தைக்க முடியுமாங்கிறத விட, தைச்சு மேடை ஏறினா நல்லா இருக்குமாங்கிறதுதான் உங்க கவலை. அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் மதுரைல 22 வருஷமா பிளவுஸ் தைக்கிறேன், அதுல கடைசி 14 வருஷம் ஆரியும் சேர்த்து. கல்யாணப் பொண்ணுங்க பிளவுஸ்தான் அதிகம், மாசத்துக்கு ரெண்டு பேராவது ஏதாவது நடிகை போட்டோவை போன்ல காட்டிட்டு இதே மாதிரி வேணும்னு வருவாங்க. அந்த அனுபவத்துல சொல்றேன், பிளவுஸ் உங்களால முடியும், 5 மாசம் போதும். புடவை முழுசையும் கையால பண்ண முடியாது, அதுக்கு வேற வழி இருக்கு. இந்த ரெண்டுல எனக்கு சந்தேகமே இல்ல.

முதல்ல அந்த உடை என்னன்னு புரிஞ்சுக்கணும். அதை பண்ணினது மும்பைல இருக்கிற ஜேட்ங்கிற டிசைனர் ஹவுஸ், மோனிகா ஷா, கரிஷ்மா ஸ்வாலின்னு ரெண்டு பேர் நடத்துறது. கரிஷ்மா ஸ்வாலியோட சாணக்யாங்கிற எம்பிராய்டரி கூடம் டியோர்ங்கிற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனிக்கே வேலை செஞ்சு குடுக்கிற இடம், 2023 மார்ச் 30 அன்னைக்கு மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி டியோர் ஃபேஷன் ஷோ நடந்தப்போ பின்னாடி பிரம்மாண்டமா தொங்கின தோரணம் அவங்க கைவேலைதான். எதுக்கு இதை சொல்றேன்னா, அந்தப் புடவைக்குப் பின்னாடி ஒரு தையல்காரரோ ரெண்டு பேரோ இல்ல, வருஷக்கணக்கா கையெல்லாம் பழகின ஒரு பெரிய கூட்டம் இருக்கு. அவங்க வேலை அளவுக்கு உங்க வேலையை நீங்களே ஒப்பிட்டு மனசு ஒடிஞ்சு போகக் கூடாது. அதே சமயம் அவங்க என்ன யோசிச்சாங்களோ அதை நீங்க எடுத்துக்கலாம், அதுக்கு காசு கிடையாது.

அவங்க யோசிச்சது கர்நாடகால ஹொய்சாலா ராஜாக்கள் காலத்துல கட்டின கோவில் சிற்பம். புடவைல இருக்கிற எம்பிராய்டரி அதைப் பார்த்து வந்தது, பிளவுஸ்ல லட்சுமியை வச்சு மோட்டிஃப் (அலங்கார உருவம்), வட்டக் கழுத்து, முழுக் கை, தம்பதி பேரையும் அந்த உடையிலயே சேர்த்திருக்காங்க. இப்போ பேலூர் சென்னகேசவர் கோவிலோ ஹளேபீடோ போனவங்களுக்கு தெரியும், அது மாக்கல்லுல செதுக்கினது, வெட்டி எடுக்கும்போது கல்லு மெத்துன்னு இருக்கும், காத்துபட்டு நாளாக நாளாக இறுகும், அதனாலதான் 12ஆம் நூற்றாண்டுல நகைல இருக்கிற ஒவ்வொரு மணியையும் தனித்தனியா செதுக்க முடிஞ்சுது. அந்த சுவர்ல ரெண்டாவது கலரே கிடையாது. எல்லாம் ஒரே கல்லு, ஒரே நிறம். ஆனா யானை தெரியுது, கொடி தெரியுது, அம்மன் கையில இருக்கிற வளையல் தெரியுது. எப்படி? மேடு பள்ளம். வெளிச்சம் விழற இடம், நிழல் விழற இடம், அவ்ளோதான்.

நயன்தாரா புடவையும் அதேதான் மா, சிவப்பு மேல சிவப்பு. நிறைய பேர் இதை கவனிக்காம கோல்டு ஜரி, ஜர்தோசி, கல்லு, முத்துன்னு எல்லாத்தையும் கொட்டி, "அதே மாதிரி பண்ணியிருக்கேன்"னு சொல்றாங்க, ஆனா பார்த்தா சம்பந்தமே இருக்காது. சீப்பா தெரியறதுக்கு காரணம் எப்பவுமே காசு குறைச்சலா செலவு பண்ணது கிடையாது, ஒண்ணு ஃபிட்டிங் சரியில்லாம இருக்கும், இல்லன்னா பளபளப்பு ஜாஸ்தியா இருக்கும். இந்த டிசைனை பொறுத்தவரை நீங்க ஒரு கல்லு கூட வைக்காம இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சரி, புடவை ஏன் முடியாதுன்னு கணக்கு போட்டு காட்டுறேன். 5.5 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம்னா கிட்டத்தட்ட 60,000 சதுர சென்டிமீட்டர். அதுல மூணுல ஒரு பங்குதான் வேலைன்னு வச்சாலும் 20,000. நல்லா உயர்த்தி லோடு ஸ்டிச் (அடுக்கு மேல நூலை நெருக்கி மூடற தையல்) போட்டா என் கைக்கு ஒரு மணி நேரத்துல 12 சதுர சென்டிமீட்டர் வரும், சில நாள் அதுக்கும் கம்மி. அப்போ 1,600 மணி நேரத்துக்கு மேல ஆகுது, நீங்க ஆபீஸ் விட்டு வந்து தினம் 3 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றரை வருஷம் ஆகும். அதுவும் என் ஸ்பீடுக்கு. இதே கணக்கை பிளவுஸ் கைக்கு போடுங்க, ரெண்டு கையும் சேர்த்து 3,300 சதுர சென்டிமீட்டர் சுமாரா வரும், மூணுல ஒரு பங்கு 1,100, எனக்கு 90 மணி நேரம், புதுசா கத்துக்கிட்ட கைக்கு டபுள்னு வச்சா 180, தினம் 3 மணி நேரம்னா ரெண்டு மாசம். இது நடக்கிற காரியம்.

அதனால புடவையை வாங்கிக்கோங்க. கடையில செல்ஃப் எம்பிராய்டரி புடவைன்னு கேளுங்க, அதாவது துணி கலர்லயே நூல் வேலை செஞ்சிருக்கிறது, மெஷின் வேலைதான், ஜார்ஜெட்லயும் கிரேப்லயும் கிடைக்கும். கொடி, இலை, வளைவு மாதிரி டிசைனா பாருங்க, பெரிய பெரிய ரோஜாப்பூ வேண்டாம். ஆர்கன்சா எடுக்காதீங்க, அது விறைப்பா நின்னு உப்பும், இந்த லுக்குக்கு துணி கீழ விழணும். வாங்கினப்புறம் முந்தில ஒரு மீட்டர், அதுலயும் தோள்ல இருந்து முன்னாடி தெரியற விளிம்பு, அப்புறம் கொசுவத்துல கீழ் ஒரு சாண், இந்த இடத்துல மட்டும் மெஷின் வேலை மேலயே உங்க கையால நூலை உயர்த்தி விடுங்க. முதல் சுத்துல உள்ள சொருகுற ஒரு மீட்டரை யாரும் பார்க்கப் போறது இல்ல, அங்க வேலை இருந்தா இடுப்புதான் தடிமனா தெரியும். நான் இந்த மாதிரி நாலஞ்சு புடவை பண்ணிக் குடுத்திருக்கேன், கைவேலை எங்க முடியுது மெஷின் எங்க ஆரம்பிக்குதுன்னு கட்டினவங்க அம்மாவுக்கே தெரியல.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரில பிளெயின் துணி குடுத்து டிசைன் போட்டு வாங்கலாமேன்னு கேட்பீங்க. அது என் தொழில் இல்ல, ரொம்ப உள்ள போய் சொல்ல மாட்டேன். எனக்கு கஸ்டமர் கொண்டு வந்ததைப் பார்த்து தெரிஞ்சது ஒண்ணுதான், ஜார்ஜெட்ல ரொம்ப நெருக்கமா தையல் விழுந்தா துணி சுருங்கி அந்த இடம் அட்டை மாதிரி ஆயிடும், அதனால ஒரு முழத்துக்கு மாதிரி போட்டு வாங்கி, கையில தொங்கவிட்டு பார்த்துட்டு அப்புறம் மொத்தத்தையும் குடுங்க.

சிவப்பைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறைய கண்ணீர் பார்த்திருக்கேன். ரெண்டு சிவப்பு கடையோட டியூப் லைட்ல ஒண்ணு போல இருக்கும், வெளிய வந்து வெயில்ல வச்சா ஒண்ணு ஆரஞ்சா இருக்கும் ஒண்ணு ரோஸா இருக்கும். அதனால புடவையை வாங்கினப்புறம் அதைக் கையில எடுத்துட்டு போய் டையபிள் துணி, அதாவது சாயம் ஏத்துறதுக்குன்னே வெள்ளையா விக்கிற துணி, அதை வாங்கி புடவைக்கு மேட்ச் பண்ணி சாயம் ஏத்தி வாங்குங்க. ஈரத்துல கலர் கருப்பா தெரியும், காய்ஞ்சப்புறம் பகல் வெளிச்சத்துல ஒப்பிட்டு பாருங்க, அப்புறம் மஞ்சள் லைட்ல ஒரு தடவை, ஏன்னா மேடைல அதுதான் இருக்கும். நூலும் புடவையைக் கொண்டுபோய்தான் வாங்கணும், போன் போட்டோ காட்டி நூல் வாங்காதீங்க, போன் ஒவ்வொண்ணும் சிவப்பை ஒவ்வொரு மாதிரி காட்டும். இன்னொண்ணு, ஆரிக்கு சில்க் த்ரெட்னு நம்ம வாங்குறது பெரும்பாலும் ரேயான், பட்டு கிடையாது, அதுல சிவப்பு சாயம் விடறது ரொம்ப சகஜம். ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு அதுக்குள்ள நூலை வச்சு பத்து நிமிஷம் அழுத்தி பாருங்க. கறை வந்தா வேற நூல். ஒரு பொண்ணுக்கு அவசரத்துல இந்த சோதனை செய்யாம நான் தைச்சு குடுத்துட்டேன், ஆடி மாசத்து வியர்வைல அக்குள் பக்கம் லைனிங் முழுக்க சிவப்பாகி உடம்புலயும் ஒட்டிக்கிச்சு, அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைல இருந்து நான் இந்த சோதனையை ஒரு தடவை கூட விட்டதில்ல.

இப்போ எம்பிராய்டரி. ஒரே கலர்ல பண்ணும்போது உங்களுக்கு கிடைக்கிற ஆயுதம் ரெண்டே ரெண்டு, ஒண்ணு உயரம், இன்னொண்ணு நூல் போற திசை. உயரத்துக்கு லோடு ஸ்டிச், அதாவது கீழ செயின் ஸ்டிச்சை ரெண்டு மூணு அடுக்கு போட்டு, அது மேல குறுக்கா நூலை நெருக்கி மூடறது. யானை உடம்பு, தாமரை இதழ் இதெல்லாம் மூணு அடுக்கு. கொடிக்கு ஒரே வரி செயின் ஸ்டிச் போதும். இடைவெளில சின்னச் சின்ன ஃப்ரெஞ்ச் நாட் (நூலைச் சுத்திப் போடற முடிச்சு), சிற்பத்துல மணி மணியா இருக்குமே அது. பின்னணியை சும்மா விடுங்க, துணி தெரியணும், பள்ளம் இருந்தாத்தான் மேடு தெரியும், ஆசையில எல்லாத்தையும் ரொப்பிட்டா ஒண்ணுமே தெரியாம போயிடும். திசைன்னு சொன்னேன்ல, ரேயான் நூல் மேல வெளிச்சம் நெடுக்குல ஒரு மாதிரி குறுக்குல ஒரு மாதிரி மின்னும், அதனால பக்கத்து பக்கத்து இதழுக்கு நூலோட திசையை மாத்துங்க, ரெண்டு கலர் நூல் போட்ட மாதிரியே இருக்கும். சரியா வருதான்னு பார்க்க ஒரு வழி, ஒரு சாண் வேலை முடிஞ்சதும் ஜன்னல் ஓரமா வச்சு போன்ல கருப்பு வெள்ளையா போட்டோ எடுங்க. அதுல டிசைன் தெரிஞ்சா உயரம் போதும். மொழுக்குன்னு தெரிஞ்சா இன்னும் ஒரு அடுக்கு ஏத்தணும்.

டிசைனை நடிகை போட்டோவுல இருந்து அப்படியே டிரேஸ் பண்ணாதீங்க. சரி தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், நகையும் கையும் மறைச்சு அந்த போட்டோல முழு டிசைன் உங்களுக்கு கிடைக்கவே கிடைக்காது, கிடைச்ச துண்டை வச்சு மீதியை கற்பனை பண்ணி போடுவீங்க, அதுதான் காப்பி மாதிரி தெரியும். அவங்க எங்க இருந்து எடுத்தாங்களோ அங்கயே நீங்களும் போங்க. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் கோவில் சிற்ப போட்டோ எவ்ளோ வேணும்னாலும் கிடைக்கும், 2023ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேர்த்ததுக்கு அப்புறம் இன்னும் தெளிவான படங்கள் வந்திருக்கு. கோவிலோட அடித்தளத்துல வரிசை வரிசையா யானை, கொடி, அன்னம்னு போகும், அந்த வரிசையை அப்படியே கை பார்டருக்கு எடுத்துக்கலாம். டிரேசிங் பேப்பர்ல வரைஞ்சு, கோடு மேல ஊசியால நெருக்கமா குத்தி, மண்ணெண்ணெய்ல ஜிங்க் பவுடரைக் கரைச்சு பஞ்சால தேய்ச்சா சிவப்புத் துணில வெள்ளைப் புள்ளியா விழும், கிளாஸ்ல சொல்லியிருப்பாங்க. ஓரத்துல ஒரு துண்டுல முதல்ல தேய்ச்சு கறை நிக்குதான்னு பார்த்துட்டு பண்ணுங்க.

மோட்டிஃப் வைக்கிற இடத்துல ரெண்டு மூணு விஷயம். அம்மன் உருவம் வைக்கிறதா இருந்தா முழங்கை மடிப்புல முகம் வரவே கூடாது, கை மடங்கினா முகம் நசுங்கும், பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல, வெளிப்பக்கமா வைங்க. ரெண்டு கையும் கண்ணாடி பிம்பமா வரணும், ஒரு கையில யானை முன்பக்கம் பார்த்தா இன்னொரு கையிலயும் முன்பக்கம்தான் பார்க்கணும், டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட மறந்து ரெண்டும் ஒரே பக்கம் பார்க்குற பிளவுஸை நான் நிறைய பிரிச்சிருக்கேன். கையோட உள்பக்கம் உடம்பு உரசுற இடத்துல வேலையே வேண்டாம். நெஞ்சுப் பக்கமும் குறைச்சுக்கோங்க, ஏன்னா நயன்தாரா அன்னைக்கு மரகத மாலை அடுக்கடுக்கா போட்டிருந்தாங்க, நீங்களும் ரெண்டு மூணு செயின் போடுவீங்க, தூக்கின நூல்ல நகையோட கொக்கியும் கல்லும் மாட்டி இழுக்கும். அந்தப் பச்சையும் சிவப்பும் எடுப்பா தெரிஞ்சதே பின்னாடி துணி அமைதியா இருந்ததாலதான்.

தையலுக்கு வரேன், எனக்கு இதுதான் முக்கியம். எம்பிராய்டரி சுமாரா இருந்தாலும் ஃபிட்டிங் இருந்தா பொண்ணு ராணி மாதிரி இருப்பா, ஃபிட்டிங் போச்சுன்னா எவ்ளோ வேலை செஞ்சும் வீண். முழுக் கை பிளவுஸ்ல எல்லாரும் பண்ற தப்பு ஆம்ஹோலை, அதாவது கை சேர்க்கிற வளைவை, இறக்கி வெட்டுறது. கை தூக்க வசதியா இருக்கும்னு நினைச்சு இறக்குவாங்க, ஆனா நடக்கிறது தலைகீழ், ஆம்ஹோல் இறங்க இறங்க கையைத் தூக்கினா மொத்த பிளவுஸும் மேல ஏறும், கீழ இடுப்பு தெரியும், தோள்ல சுருக்கம் விழும். அரைக் கைல இது அவ்ளோ தெரியாது, முழுக் கைல அப்படியே காட்டிக் குடுத்துடும். ஆம்ஹோல் அக்குளை ஒட்டி மேல இருக்கட்டும், அதுக்கு பதிலா மேல்கை சுற்றளவுல ஒன்றரை இன்ச் லூஸ் குடுங்க. முழங்கை சுற்றளவை கையை மடக்கி வச்சு எடுங்க, நீட்டி எடுத்த அளவு உதவாது. நீளமும் அப்படித்தான், தோள்ல இருந்து மடக்கின முழங்கை வழியா மணிக்கட்டு வரைக்கும். மணிக்கட்டுல டைட்டா வேணும்னா 3 இன்ச் திறப்பு விட்டு கொக்கி வைங்க, இல்லன்னா கை உள்ள போகாது, போனாலும் மெஹந்தி போட்ட கையை நுழைக்கும்போது உங்களுக்கே பயமா இருக்கும்.

வட்டக் கழுத்துன்னா தலை நுழையாது, அதனால பின்னாடி திறப்பு. ஜிப்பை விட கொக்கி நல்லது, மெல்லிசு துணில ஜிப் அலை அலையா நிக்கும். கழுத்து ஓரத்துக்கு கிராஸ் பீஸ் (துணியை மூலைவாட்டுல வெட்டின பட்டி) கட்டாயம், நேர் இழைல வெட்டின பட்டி வளைவுல படியாது. லைனிங் காட்டன்தான், வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணில ஊறப்போட்டு காயவைங்க. கைக்கும் மெல்லிசா மல் துணி லைனிங் குடுங்க, எம்பிராய்டரியோட பின்பக்க முடிச்சு நாலு மணி நேரம் தோலை உரசிட்டே இருந்தா சிரிச்ச முகமா நிக்க முடியாது. மெஷின்ல 11ஆம் நம்பர் ஊசி போடுங்க, காட்டனுக்கு போடற 14 ஜார்ஜெட்ல ஓட்டை போடும், நூலையும் இழுக்கும்.

வரிசை மாறக் கூடாது. முதல்ல பழைய காட்டன் புடவை இல்ல வேஷ்டியை வெட்டி முழு பிளவுஸையும் தைச்சு போட்டுப் பார்த்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, குனிஞ்சு, மாலை மாத்துற மாதிரி பண்ணி, எங்க பிடிக்குதோ அங்க சரி பண்ணுங்க. எனக்கு ஒரு தடவை நேரம் பத்தாம இதை விட்டேன், அந்தப் பொண்ணால மாலையை மாப்பிள்ளை தலைக்கு மேல தூக்க முடியல, அவர் குனிஞ்சு வாங்கிக்கிட்டார், வீடியோல இன்னும் அது அப்படியே இருக்கு. சரியான அளவு கிடைச்சதும் அதைப் பிரிச்சு நல்ல துணி மேல வச்சு கோட்டை வெள்ளை நூலால ஓடவிட்டு குறிச்சுக்கோங்க. சுத்தி ரெண்டு இன்ச் விட்டு, துணியை வெட்டாம அப்படியே ஸ்டாண்டுல கட்டி எம்பிராய்டரி பண்ணுங்க, வேலை முடிஞ்சு கழட்டினா துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும், எவ்ளோன்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது, வேலை எவ்ளோ நெருக்கமோ அவ்ளோ சுருங்கும். அதனால கழட்டினப்புறம் பிரிச்சு வச்ச மாதிரி பிளவுஸ் துண்டை மறுபடி வச்சு பார்த்துட்டுதான் கத்திரி. தையல் கோட்டுக்கு கால் இன்ச் உள்ளயே வேலையை நிறுத்திடுங்க, மெஷின்ல துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட் லோடு ஸ்டிச் மேல ஏறினா கோடு வளையும். பக்கத்துல ஒன்றரை இன்ச் மார்ஜின் உள்ள விடுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எல்லா பொண்ணுங்களும் கொஞ்சம் மெலியறாங்க, சில பேர் ஏறவும் செய்றாங்க.

5 மாசத்தை எப்படி பிரிக்கிறதுன்னா, முதல் 3 வாரம் துணி, சாயம், நூல், மாதிரி பிளவுஸ். அப்புறம் ரெண்டு மாசம் கை ரெண்டும். அடுத்த ஒரு மாசம் முந்தி விளிம்பு. தையலுக்கு ஒரு வாரம் போதும், ஆனா அதை ரிசப்ஷனுக்கு 3 வாரம் முன்னாடி முடிச்சு, கடைசி பக்கத் தையலை மட்டும் பெருந்தையலா விட்டு 10 நாள் முன்னாடி போட்டுப் பார்த்து இறுக்குங்க. ரெண்டாவது மாசக் கடைசில ஒரு கை கூட முடியலன்னா டிசைனை அப்பவே குறைச்சுடுங்க, முழங்கைக்கு கீழ வெறும் கொடி மட்டும் ஓடட்டும். உங்க பேரும் அவர் பேரும் சேர்க்கணும்னு ஆசை இருந்தா இடது கை மணிக்கட்டு ஓரத்துல, கொடிக்குள்ள மறைஞ்ச மாதிரி சின்னதா போடுங்க, அதை முதல்லயே டிரேசிங்ல வரைஞ்சு வச்சுக்கோங்க, கடைசில இடம் தேடினா கிடைக்காது. மாதிரி பிளவுஸ் தைச்சதும் கையைத் தூக்கி ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒரு போட்டோ இங்கயே போடுங்க, முகம் வேண்டாம், தோளும் கையும் தெரிஞ்சா போதும், எங்க பிடிக்குதுன்னு பார்த்து சொல்றேன்.